டப்பாச்சாமியின் உள்ளாள்

பிறைநகரில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி எவ்வளவு மூச்சு விட்டார் என்று பார்ப்பது. பல் தேய்ப்பதுகூட அதற்கு அப்புறம்தான்.

நிலவில் காற்று குழாயில் வருகிறது. பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தால் ஒரு வளையம். வளையத்துக்குள் ஒரே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் விட்ட மூச்சு வடிகட்டப்பட்டு எதிர்வீட்டுக்குப் போகும். எதிர்வீட்டு மூச்சு உங்களிடம் வரும். இதில் ஒளிவு மறைவு கூடாது என்று நகரம் கட்டிய காலத்திலேயே முடிவு செய்து, ஒவ்வொரு வளையத்தின் நடைக்கூடத்திலும் ஒரு காற்றுப் பலகை வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பச்சைக் கோடு. அதிகம் மூச்சு விட்டால் கோடு நீளும். காபி தம்ளரோடு அதன் முன்னால் கூடி நின்று, "எட்டாம் வீட்ல நேத்து சண்டை போலருக்கு, கோடு எகிறியிருக்கு" என்றும், "புதுசா கல்யாணம் ஆனவங்க, விடுங்க" என்றும் பேசிக்கொள்வதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நான்காம் வளையத்தின் பலகையில் பதினோராம் வீட்டுக் கோடு மட்டும் எப்போதும் குட்டையாக இருந்தது. அந்த வீட்டில் தனியாகக் குடியிருந்தவர் மாசிலாமணி. பெற்றவர்கள் என்ன நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ, மனிதர் ஒன்பது வருஷம் தண்டனை அனுபவித்துவிட்டு வந்தவர்.

முன்பு அவர் வேறொரு வளையத்தில் வால்வு பார்க்கும் வேலையில் இருந்தார். திருட்டுத்தனமாகச் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு வளையத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிட்டுக் காசு பார்த்தார். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குடும்பக் கஷ்டம் என்று வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தார். ஆனால் மாசிலாமணிக்குக் குடும்பமே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் செய்தார்கள், அவரும் செய்தார். ஒரு நாள் அளவு பிசகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. மாசிலாமணி அவரை எந்த நாளும் மறந்ததில்லை. மறந்தால் தேவலை என்று ஆசைப்பட்டதும் இல்லை.

தண்டனைக் காலம் நிலவின் பின்புறத்துத் தாது முகாமில் கழிந்தது. அங்கிருந்து பூமி தெரியாது. ஆளுக்கொரு கூண்டு, ஆளுக்கொரு காற்று உருளை. ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாது. ஒன்பது வருஷம் தன் மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்த மனிதர், விடுதலையாகிப் பதினோராம் வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலையில், வடிகட்டியையும் மீறிக்கொண்டு குழாய் வழியாக யார் வீட்டிலோ கடுகு தாளித்த வாசனை வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதார்.

விடுதலையானவர்களுக்குச் சட்டம் ஒரு வருஷம் தவணை தருகிறது. வருஷ முடிவில் வளையத்தின் மூச்சுச் சங்கம் கூடி, இவர் நம் காற்றில் பங்கு பெறலாமா என்று கை தூக்கிச் சொல்லவேண்டும். பெரும்பான்மை வேண்டாம் என்றால் மறுபடி பின்புறம்தான். கைதி என்ற பெயர் போய்த் தொழிலாளி என்று ஆகும். கூண்டு அதேதான், காலத்துக்கும். மாசிலாமணிக்கு அந்தக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

அதனால்தான் அவர் குறைவாக மூச்சு விட்டார். வேகமாக நடக்கமாட்டார். வீட்டில் வாய்விட்டு ஒரு பாட்டுப் பாடியதில்லை. கொட்டாவி வந்தாலும் பாதியில் அடக்கிக்கொள்வார். நம் காற்றை ஒரு பிடி அதிகமாக எடுத்துவிட்டான் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. அதற்காக ஒரு வருஷம் அரை மூச்சில் வாழ்ந்தார்.

முழு மூச்சு விட்டது வேலை பார்த்த இடத்தில் மட்டும்தான். அந்த வேலையைச் சொல்ல டப்பாச்சாமியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இணையத்தில் வாரம் ஒரு முறை வரும் சித்திரக்கதை அது. டப்பாச்சாமி ஒரு ரோபோ. பிஸ்கட் டின் மாதிரி உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்த காது. கதைப்படி அது ஒரு காலத்தில் படுபாவி. ஒரு நகரத்தின் வெளிக்கதவுகளை மொத்தமாகத் திறந்துவிட்டு நாலாயிரம் பேரைக் கொன்றது. அப்புறம் மனம் திருந்தி, மிச்சமிருந்தவர்களுக்குத் தள்ளுவண்டியில் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு ஊரோடு ஒன்றாகிவிட்டது. அந்த ஊர் மக்கள் அதை மன்னித்த வாரத்தில் பிறைநகரமே மூக்கைச் சிந்தியது. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில் காதுகுத்து வைக்காததுதான் பாக்கி.

சித்திரக்கதையை நடத்திய நிறுவனம் நிஜமாகவே டப்பாச்சாமிகளைச் செய்து வளையத்துக்கு ஒன்றாக முற்றங்களில் நடமாடவிட்டது. தானாகவே யோசிக்கும் இயந்திரம் என்று விளம்பரம். முதலில் செய்தவை தானாகத்தான் யோசித்தன. "அப்படியா, மிக்க மகிழ்ச்சி" என்று எதற்கெடுத்தாலும் சொன்னதில் ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. ஆகவே நிறுவனம் சத்தம் போடாமல் ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளாளைப் போட்டது. உள்ளாள் நிறுவனத்தின் நிலவறையில் உணர்வுச்சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரோபோ பார்ப்பது அவருக்குத் தெரியும். அவர் கையைத் தூக்கினால் ரோபோ கையைத் தூக்கும். அவர் பேசுவது குரல்சல்லடை வழியாகப் போய்த் தகரக் குரலாக வெளியே வரும். குறைந்த சம்பளத்துக்கு வந்து, வாயையும் மூடிக்கொண்டிருக்க யார் சம்மதிப்பார்கள்? வேறு எங்கும் வேலை கிடைக்காத விடுதலைக் கைதிகள்தான். பள்ளிக்கூடத்து டப்பாச்சாமிக்குள் இருந்தவர் ஒரு காலத்தில் கத்தி எடுத்தவர். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மாசிலாமணிக்குக் கிடைத்தது அவருடைய வளையத்து டப்பாச்சாமியே. பகலெல்லாம் பிள்ளைகள் அதன் மேல் தொற்றிக்கொண்டு திரிந்தார்கள். பெரியவர்கள் பூமியில் இருக்கும் சம்பந்தியோடு வந்த மனஸ்தாபத்தை எல்லாம் அதனிடம் சொல்லித் தீர்த்தார்கள். வேலை முடிந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதே முற்றத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போவார். அதே பிள்ளைகளைத் தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். மாசிலாமணி என்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அந்த ஒரு வருஷத்தில் ஒருவரும் கிடையாது.

பத்தாம் வீட்டுப் பூங்கோதை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆறு மாதத்தில் வருகிறேன் என்று பூமிக்குப் போன கணவன் வரவில்லை. இனி வரமாட்டான் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாயங்காலம் ஆனால் முற்றத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து டப்பாச்சாமியின் தகரத் தோளில் கையைப் போட்டுக்கொள்வாள். நிலவறையில் மாசிலாமணியின் தோளில் உணர்வுச்சட்டை லேசாக அழுத்தும். அந்த நேரத்துக்காகவே அவர் காலையிலிருந்து காத்திருப்பார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் சொன்னாள்.

"டப்பா, உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. எனக்கு அந்தப் பதினோராம் வீட்டுக்காரனைப் பார்த்தாலே பயமா இருக்கு."

"ஏதாவது செஞ்சாரா?"

"ஒண்ணும் செய்யலை. அதுதான் பயம். அவன் கோட்டைப் பார்த்திருக்கியா? பால் குடிக்கிற குழந்தைகூட அதைவிட ஜாஸ்தி மூச்சு விடும். ஒரு ஆம்பிளை அவ்வளவு கம்மியாவா விடுவான்? வால்வு பார்த்தவன்தானே. மீட்டர்ல கை வெச்சிருக்கான். நம்ம காத்தை இழுத்து எங்கயோ சேர்த்து வெக்கிறான். செல்லதுரை சாரும் அதைத்தான் சொல்றார். ஞாயித்துக்கிழமை அதை வெச்சே முடிச்சிருவோம்."

மாசிலாமணி ஒரு பெருமூச்சு விட்டார். குரல்சல்லடை அதையெல்லாம் அனுப்பாது. "ஒருவேளை, நீங்கள்லாம் ஏதாவது சொல்லிடுவீங்களோன்னு பயந்து கம்மியா விடுறாரோ என்னவோ" என்றது டப்பாச்சாமி.

பூங்கோதை சிரித்துவிட்டாள். "மூச்சு விட யாராச்சும் பயப்படுவாங்களா? உனக்கு உலகமே நல்லவங்கடா டப்பா." போகும்போது அதன் சாய்ந்த காதைச் செல்லமாக நிமிர்த்திவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணி கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு விட ஆரம்பித்தார். சும்மா இழுத்தால் போதாது என்று தோப்புக்கரணம் போட்டார். நிலவின் ஈர்ப்பில் அது லேசான காரியமில்லை. எழும்போதெல்லாம் தலை கூரையில் இடித்தது. இளமையில் கேட்ட சினிமாப் பாட்டு ஒன்றைத் தொண்டை கிழியப் பாடினார். வேர்த்து விறுவிறுத்துப் படுத்தபோது, எல்லோரையும் போல ஒரு கோடு நாளைக்குத் தனக்கும் இருக்கும் என்ற நினைப்பில் நன்றாகத் தூங்கிவிட்டார்.

காலையில் கோடு எல்லோரையும் போலத்தான் இருந்தது. அதன் முன்னால் இருந்த கூட்டம்தான் வழக்கத்தைவிடப் பெரியது.

"பார்த்தீங்களா?" என்றார் செல்லதுரை. அவர் சங்கத் தலைவர். போக்குவரத்துத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். "நேத்துதான் நாம நாலு பேர் பேசினோம். விடியறதுக்குள்ள கோட்டை மாத்திட்டான். மீட்டர்ல கை வெக்காதவன் எப்படி மாத்துவான்?"

பின்னால் நின்ற மாசிலாமணி, "சார், நான் மூச்சுதான் சார் விட்டேன்" என்றார்.

"ஒரு வருஷமா வராத மூச்சு நேத்து மட்டும் எங்கிருந்து வந்துது? நாங்க பேசினது உனக்கு யாரு சொன்னா?"

அதற்கு மாசிலாமணியிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியாது. பூங்கோதை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூச்சுச் சங்கக் கூட்டமும் ஆண்டு விழாவும் ஒரே நாள். சம்மதம் கேட்பவர் கூட்டத்துக்கு வரக்கூடாது என்பது விதி. சிறப்பு விருந்தினராக டப்பாச்சாமியை அழைத்திருந்தார்கள்.

உள்ளாட்களுக்கு மேற்பார்வையாளரான ரெக்ஸ்லின், நாகர்கோவிலிலிருந்து வந்த பெண், விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணே, வேற ஆளைப் போடட்டா? உங்களுக்கு எதுக்கு இந்தக் கொடுமை?"

"வேண்டாம்மா. நானே போறேன். யாராவது ஒருத்தர் என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்றாங்களான்னு கேட்கணும்."

"கேட்டுட்டு வந்திரணும். வாயத் திறந்தீங்கன்னா உங்க வேலையும் போச்சு, எனக்க வேலையும் போச்சு."

கூட்டத்தில் டப்பாச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நெருப்புக்கு நகரில் அனுமதி இல்லாததால் பல்பு வைத்த குத்துவிளக்கை அது பொத்தானை அழுத்தி ஏற்றியது. "மன்னிப்பின் மறுவடிவமே, மனமாற்றத்தின் இலக்கணமே" என்று செல்லதுரை வரவேற்புரை வாசித்தார். பிறகு பதினோராம் வீட்டு விஷயம் வந்தது. ஒருவர் அவன் முழியே சரியில்லை என்றார். ஒருவர் அவன் வணக்கம் வைக்கிற விதத்தில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது என்றார். பூங்கோதை எழுந்து கோடு மாறிய கதையைச் சொன்னாள். நல்லதாக ஒரு வார்த்தை, ஒப்புக்குக்கூட, யார் வாயிலிருந்தும் வரவில்லை. மாசிலாமணி கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"கை தூக்கறதுக்கு முன்னாடி நம்ம விருந்தினர் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார் செல்லதுரை.

நிறுவனம் எழுதிக்கொடுத்த வாசகம், "எல்லோருக்கும் என் அன்பும் ஒரு கப் டீயும்" என்பது. டப்பாச்சாமி எழுந்து நின்றது. ஆனால் அதைச் சொல்லவில்லை.

"நான் நாலாயிரம் பேரைக் கொன்னேன்" என்றது. "என்னை மன்னிச்சீங்க. உங்க குழந்தைங்களை என் தோள்ல ஏத்தினீங்க."

முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பலமாகக் கைதட்டினார்கள்.

"ஆனா நான் நாலாயிரம் பேரைக் கொல்லலை. ஒருத்தரைக் கொன்னேன். அவர் பேர் அருளப்பன். நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். நான் மாசிலாமணி. பதினோராம் வீடு. உங்க பிள்ளைங்க ஏறி விளையாடினது என் மேலதான். நான் மீட்டர்ல கை வெக்கலை. உங்களுக்குப் பயந்துதான் கம்மியா மூச்சு விட்டேன். பூங்கோதையம்மா, நீங்க முற்றத்து பெஞ்சுல உக்காந்து சொன்னதைக் கேட்டுத்தான் அன்னைக்கு ஜாஸ்தியா விட்டேன். வேற ஒரு தப்பும் பண்ணலைம்மா. என்னைத் திரும்ப அனுப்பிடாதீங்க. அங்க யாருமே இல்லை."

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தான் அந்தத் தோளில் சாய்ந்து சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. மாசிலாமணி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தார்.

"அடப்பாவி!" என்று அவள் அலறினாள். "டப்பாச்சாமிக்குள்ளயும் புகுந்துட்டானே!"

அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் அதிக நேரம் பிடிக்கவில்லை. வளையத்து மீட்டரில் கை வைத்தவன், இப்போது ஒரு வாயில்லா ஜீவனுக்குள்ளும் நுழைந்துவிட்டான் என்று எல்லோருக்கும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. டப்பாச்சாமிக்குள் எப்போதுமே ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால், அத்தனை நாள் யாரைக் கட்டிக்கொண்டோம் என்றும் யோசிக்கவேண்டியிருக்கும். மாசிலாமணிக்கு எதிராகப் பதினொரு வீட்டுக் கைகளும் தூக்கப்பட்டன.

காவல் அதிகாரி வந்து விசாரித்தபோது மாசிலாமணி முதலில் ரெக்ஸ்லினைத்தான் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடத்து டப்பாச்சாமிக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவர் மறுநாள் தெருவில் நிற்பார். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர். ரெக்ஸ்லின் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். நான்தான் திருட்டுத்தனமா புகுந்தேன்" என்றார்.

அன்றைய சங்கக் கூட்டத்தில் இன்னொரு விஷயம் மிச்சமிருந்தது. இனி இந்த ரோபோவை நம்பலாமா என்று செல்லதுரை சந்தேகத்தைக் கிளப்பினார். ஒருமுறை கெட்ட ஆள் நுழைந்த இயந்திரம், பிள்ளைகள் நடமாடும் இடம், நிறுவனத்துக்கே திருப்பிவிடலாம் என்றார். பொன்னாடையோடு மூலையில் அசைவற்று நின்ற டப்பாச்சாமியைப் பார்த்துவிட்டுப் பூங்கோதை எழுந்தாள்.

"அது என்ன சார் பண்ணும், பாவம்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நாலாயிரம் பேரைக் கொன்னப்பவே அதை மன்னிச்ச ஊரு இது. தப்பு யார்தான் பண்ணலை? விழுந்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு குடுக்கலேன்னா அப்புறம் நாம என்ன மனுஷங்க?"

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. டப்பாச்சாமிக்கு மறுவாய்ப்பு தருவதென்ற தீர்மானம், ஒருவர்கூட மறுக்காமல், கண்ணீருக்கிடையே நிறைவேறியது.

பின்புறத்துக்கு அடுத்த வண்டி கிளம்ப ஒரு மாதம் இருந்தது. அதுவரை சரக்கு நிலையத்தை ஒட்டிய ஒரு சின்ன அறையில் மாசிலாமணியை வைத்தார்கள். ரெக்ஸ்லின் ஒரே ஒரு முறை வந்தாள். "அண்ணே, நடந்ததை வெச்சுச் சித்திரக்கதை போடுறாங்க" என்றாள். டப்பாச்சாமியின் வயிற்றுக்குள் ஒரு திருடன் ஒளிந்துகொள்கிறான் என்று கதை. திருடனைக் கடைசியில் ஊரைவிட்டுத் துரத்துவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்களாம். வாசகர்கள் கொதித்துப்போய்விட்டார்கள். போக்கிடம் இல்லாமல் ஒளிந்தவனைத் துரத்துவதா, கல்நெஞ்சக்காரர்களா என்று நகரமெங்கும் ஒரே கூப்பாடு. நான்காம் வளையம்தான் அதில் முன்னணியில் நின்றது. பூங்கோதை வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாளாம்.

"இப்ப முடிவை மாத்தி வரையறாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனாள்.

வண்டியில் மாசிலாமணி ஒருவர்தான் பயணி. அது தானாக ஓடுகிற வண்டி. முன்னறையில் பேருக்கு ஒரு கண்டக்டர், நடுத்தர வயதுக்காரர். இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த கதவு திறந்தே கிடந்தது. கண்டக்டர் கையில் சித்திரக்கதை ஓடிக்கொண்டிருந்தது. பூமி அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது; மாசிலாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, கடலை சாப்பிடுங்க" என்று கண்டக்டர் பொட்டலத்தை நீட்டினார். கண்கள் சிவந்திருந்தன. "இந்த வாரம் டப்பாச்சாமி படிச்சீங்களா? அந்தத் திருடனை ஊரே சேர்ந்து, எங்க காத்துல உனக்கும் பங்கு இருக்குடான்னு சொல்லுது. எனக்கு அடக்க முடியலை. கதையா இருந்தாலும் ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க?"

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் மாசிலாமணி. கடலையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க என்ன, முகாம்ல இன்ஜினியரா?"

"இல்லைங்க. வளையத்துல வேண்டாம்னுட்டாங்க. திருப்பி அனுப்பறாங்க."

கண்டக்டர் கை பொட்டலத்தோடு அப்படியே நின்றது. அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்று எழுந்தார். "விதி இருக்கு."

நடுக்கதவைச் சாத்தி, காற்று இந்தப் பக்கம் வராதபடி திருகியை இறுக்கி, இறுகிவிட்டதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு தன் இருக்கைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கைக்குட்டையைத் தேடினார்.